கதவிடுக்கில் வந்த சிலுவை

அக்காவின் கலியாணப் படங்களை நான் யாருக்கும் காட்டுவதில்லை. வெள்ளைச் சேலையில், முழங்காலுக்கு நேரே, உள்ளங்கையளவு ஒரு கறை. கொட்டாஞ்சேனையில், தோட்டம் என்று சொல்லும் எங்கள் வரிசைக் குடியிருப்பின் குளியலறை வாசலில் பட்ட அழுக்கு அது. ஒட்டி ஒட்டிக் கட்டிய அத்தனை வீடுகளுக்கும் அந்த ஒரே குளியலறைதான். கலியாணப் பெண் அங்கே போய் முழந்தாளிட்டாள். காரணம் அப்பா. அந்தக் கறைக்காக வெட்கப்பட்டது ஒரு காலம். இப்போது என்னை நினைத்துத்தான் வெட்கம்.

எங்கள் வீட்டில் செபமாலை முடிந்ததும் பிள்ளைகள் ஒவ்வொருவராக அப்பாவின் முன் முழந்தாளிட்டு, "தோத்திரம் அப்பா" என்று கைகூப்ப வேண்டும். அவர் பெருவிரலால் நெற்றியில் சிலுவை போட்டு, "ஆண்டவர் உன்னை ஆசீர்வதிப்பார்" என்பார். அது இல்லாமல் சோறு கிடையாது. காலையில் அறைந்த கைதான் மாலையில் சிலுவையும் போடும். கலியாணத்தன்றும் அதே முறைதான். கோயிலுக்குப் புறப்படுமுன் பெண் பாயில் முழந்தாளிட, தகப்பன் ஆசீர்வதிக்க வேண்டும். அது நடக்காமல் அவள் வீட்டுப்படி இறங்கக் கூடாது.

அக்கா விரும்பியது ஹெந்தளையில் ஒரு சிங்களப் பெடியனை. அவனும் எங்களைப் போலக் கத்தோலிக்க வேதக்காரன்தான். அப்பாவுக்கு அது போதவில்லை. விஷயம் தெரிந்த அன்று, துறைமுக வேலையால் வந்த உடுப்போடு நின்று கத்தினார்.

"போடி! உன்ட வயித்தில ஒரு புழு பூச்சி தங்காது!"

அம்மா பாய்ந்து அவர் வாயைப் பொத்தினாள். "ஐயோ, பெத்த தகப்பன் சொல்லுற கதையே இது? பலிச்சிடும், பேசாமல் இருங்கோ!"

அவர் அம்மாவின் கையைத் தட்டிவிட்டு வெளியே போனார். அதற்குப் பிறகு ஏசவில்லை. கொஞ்ச நாளில் கலியாணத்துக்கும் தலையாட்டினார். ஆனால் அக்கா தோத்திரம் சொன்னால் சிலுவை மட்டும் போடுவார். வாயைத் திறக்க மாட்டார். கோபம் இன்னும் ஆறவில்லை என்று நினைத்தேன்.

கலியாணத்தன்று காலை கார் வந்து சந்தியில் நின்றது. அக்கா பாயில் முழந்தாளிட்டுக் காத்திருந்தாள். அப்பா குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டிருந்தார். கூட்டிவர என்னை அனுப்பினார்கள்.

வாசலில் வாளிகளோடு சனம். உள்ளே குழாய் ஓடியது. அப்பா வாய் கொப்பளித்துத் துப்பினார். திரும்பவும் கொப்பளித்தார். திரும்பவும்.

"பிள்ளை, உங்கட அப்பா டாங்கியையே கொப்பளிச்சு முடிச்சிடுவார் போல. எங்களுக்கும் கொஞ்சம் விடச் சொல்லு" என்றாள் பக்கத்து வீட்டு அன்ரி.

"மணம் போகோணுமே அன்ரி. ஃபாதருக்குப் பக்கத்தில நிக்கிறதெல்லோ" என்றான் பின்னால் நின்ற ஒருவன். எல்லோரும் சிரித்தார்கள்.

அப்பா குடிப்பவர்தான். இன்றைக்குமா? எனக்கு உடம்பெல்லாம் கூசியது. கதவில் ஒரு உதை விட்டேன்.

அம்மாவின் தம்பி, என் மாமா, வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்தார். "அத்தான், கார்க்காரன் ஹோர்ன் அடிச்சுக் களைச்சுப்போனான். பொம்பிளையைக் குடுக்கிறது நீங்களோ, நானோ?"

"நீ குடு" என்றது உள்ளேயிருந்து குரல்.

அப்போதுதான் அக்கா வந்தாள். வாளிகள் விலகி வழிவிட்டன. யாரும் சிரிக்கவில்லை. அந்த ஈரச் சீமெந்தில் முழந்தாளிட்டு, மூடிய கதவைப் பார்த்து, "தோத்திரம் அப்பா" என்றாள்.

கதவு ஒரு சாண் திறந்தது. ஈரக் கை ஒன்று வெளியே வந்து அவள் நெற்றியைத் தேடிச் சிலுவை போட்டது. தண்ணீர் வழிந்து பவுடரில் கோடு விழுந்தது. அக்கா எழும்பவில்லை. சொல்லுக்காகக் காத்திருந்தாள்.

"வாயைத் திறந்து ஒரு சொல்லுச் சொல்லுங்கோவன்!" என்று பின்னாலேயே வந்த அம்மா அழுதாள்.

கை உள்ளே போனது. கதவு மூடியது. மறுபடி கொப்பளிக்கும் சத்தம்.

கோயிலில் மாமாதான் கைபிடித்துக் கொடுத்தார். மாப்பிள்ளை வீட்டார், அப்பா எங்கே என்று சிங்களத்தில் என்னிடம் கேட்டார்கள். "தாத்தா கோ?" "சுகமில்லை" என்று பொய் சொன்னேன். அந்த ஆள் செத்துப்போனால் நல்லது என்று அன்று நினைத்தேன். கோயிலுக்குள் நின்றுதான் நினைத்தேன்.

பிறகு ஒரு நாள் அக்கா கைக்குழந்தையோடு வந்தாள். கொழுகொழுவென்று ஒரு பெண் குழந்தை. அப்பா வாசலில் நின்று அதை வெறித்துப் பார்த்தார். கையில் வாங்கவில்லை. விறுவிறுவென்று குழாயடிக்குப் போனார். வாய் கொப்பளித்தார். துப்பினார். கொப்பளித்தார்.

"பட்டப்பகலிலயே போட்டிட்டு வந்திட்டார்" என்றேன் அம்மாவிடம்.

அம்மா என் கன்னத்தில் ஓங்கி அறைந்தாள்.

அப்பா நாடியில் தண்ணீர் சொட்டச் சொட்ட வந்தார். ஒரு கையைக் குழந்தையின் தலையிலும் மறு கையை அக்காவின் தலையிலும் வைத்தார். "ஆண்டவர் உங்களை ஆசீர்வதிப்பார்" என்றார். தோட்டம் முழுக்கக் கேட்கும்படி இன்னொரு தரம் சொன்னார். அக்கா அவர் காலைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

கன்னம் எரிந்துகொண்டிருந்தது. அவர் கழுவியது சாராயத்தையல்ல, ஒரு சொல்லை என்று அன்று எனக்கு விளங்கவில்லை. வெறிகாரனுக்காகப் பெற்ற பிள்ளையை அடித்துவிட்டாளே என்று எனக்கு ஆத்திரம். அன்று மாலை செபமாலை முடிந்ததும் அப்பா சுவரில் சாய்ந்து எனக்காகக் காத்திருந்தார். நான் தோத்திரம் சொல்லாமலே போய்ச் சோற்றில் கை வைத்தேன்.