காருக்குள் ஒலித்த டாக்டரின் குரல்

எங்கள் மூத்த மகள் காய்ச்சலில் இறந்த பிறகு எனக்குத் தூக்கமே போய்விட்டது. கமுதி பக்கம் மிளகாய் விவசாயம் செய்கிறோம். ராமநாதபுரத்தில் ஒரு மனநல மருத்துவர் ஹிப்னாடிச முறையில் எனக்குச் சிகிச்சை கொடுத்தார். "உன்னைய மயக்கி என்னத்தையாச்சும் பேச வச்சிருவாரு" என்று கேலி பேசும் என் கணவர்தான் காரில் கூட்டிப்போவார். உள்ளே மட்டும் வரமாட்டார்.

டாக்டர் தன் குரலை என் போனில் பதிவு செய்து, "வீட்டுல படுத்துக்கிட்டுத்தான் கேக்கணும்" என்று சொல்லியிருந்தார். ஒருநாள் மதியம் திரும்பி வரும்போது எனக்குப் படபடப்பாக வந்தது. நம்பிக்கையே இல்லாத மனுஷனை இது என்ன செய்துவிடும் என்று நினைத்து, கார் ஸ்பீக்கரிலேயே அதைப் போட்டுவிட்டேன்.

"தோள் தளரட்டும். சுமக்கிறதை எல்லாம் இறக்கி வைங்க" என்றது குரல். நானும் கண்ணை மூடிவிட்டேன். திடீரென்று கார் குலுங்கியது. பார்த்தால், சாலையை விட்டு இறங்கிக் கருவேலம் புதருக்குள் நிற்கிறது. அந்தப் புதர் இல்லையென்றால் நேரே ஊரணிக்குள் போயிருப்போம்.

கத்த வாயெடுத்தேன். மகள் சாவில்கூட அழாதவர், ஸ்டியரிங்கில் முகத்தை வைத்து அழுதுகொண்டிருந்தார். "புள்ள போனதுல இருந்து நானும் தூங்கல. இறக்கி வைன்னு இன்னைக்குத்தான் ஒரு ஆளு சொல்லுது. கேட்டதும் கண்ணு சொருகிருச்சு" என்றார்.

விஷயத்தைக் கேட்டு டாக்டர் என்னை நன்றாகத் திட்டினார். இப்போதெல்லாம் அந்தப் பதிவை வீட்டுக் கட்டிலில் மட்டும்தான் கேட்கிறேன். டாக்டரிடம் பஸ்ஸில்தான் போகிறோம். முதல் டோக்கன் என் கணவருக்கு, அடுத்தது எனக்கு.