பூச்சாடிக்குப் பதில் பிள்ளை

படக்கடைத் தொழிலில் முகம் ஒரு தொந்தரவே இல்லை, கைதான் தொந்தரவு. என்னைப் போல் படக்கடைக்காரருக்கு வாழ்க்கைப்பட்ட சகோதரிகள் யாராவது இதைப் படித்தால், இந்த இடத்தில் ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு மேலே போகலாம். மலாயாவில் கூலாய் ஊரில் எங்கள் கடை. என் வீட்டுக்காரர் கேமராவின் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுக்கொள்வார். ஆளை உட்கார வைப்பது, தலை சீவிவிடுவது, ஊரிலிருந்து வரும் கடுதாசியைப் படித்துச் சொல்லிப் பதில் எழுதித் தருவது எல்லாம் நான்.

கையை எங்கே வைப்பது

ரப்பர்த் தோட்டத்து ஆட்களுக்கு நாள் முழுக்கக் கையில் பால் வெட்டும் கத்தியோ வாளியோ இருக்கும். நாற்காலியில் உட்கார வைத்து, சும்மா இருங்கள் என்றால், அந்தக் கை யாருடையது என்றே தெரியாமல் தவிப்பார்கள். ஒருவர் கக்கத்தில் ஒளிப்பார். ஒருவர் முழங்கால் ஓடிவிடும் என்பதுபோல் இறுக்கிப் பிடிப்பார். இதற்காகவே ஒரு பீங்கான் பூச்சாடி வைத்திருந்தோம், பிடித்துக்கொள்ள.

ஓர் ஐப்பசி ஞாயிற்றுக்கிழமை காலையில் என் மூத்தவன், மூன்று வயசு, அதைப் போட்டு உடைத்தான். அன்று பார்த்து ஒரே தோட்டத்திலிருந்து பதினொரு பேர் வந்துவிட்டார்கள். முதலில் உட்கார்ந்தவர் சின்னான், கல்யாணம் ஆகாதவர், ஊரில் இருக்கும் அப்பாவுக்குப் படம் அனுப்ப வந்தவர். "கைய வீட்ல எப்படி வைப்பீங்களோ அப்படியே வைங்கண்ணே" என்றேன். யோசித்துவிட்டுச் சொன்னார்: "வீட்ல இந்நேரம் சொறிஞ்சுக்கிட்டு இருப்பேன் தங்கச்சி."

தள்ளி நின்றவர்

பதினோராவது ஆள் முனியன், மற்றவர்களை விட்டுத் தள்ளி நின்றார். கையில் துணி சுற்றிய ஐந்து மாதப் பெண் பிள்ளை. பெற்ற பத்தாம் நாள் தாய் போய்விட்டாள். தாயை முழுங்கிய பிள்ளை என்று லயத்து வீடுகளில் யாரும் அதைத் தொடுவதில்லை. விடியுமுன் அவர் வேலைக்குப் போனால் பிள்ளை, தோட்டத்துக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக்கொட்டகைத் தொட்டிலில் கிடக்கும். மத்தியானம் வந்து பார்த்தால் அதே பக்கம் திரும்பியபடி கிடக்குமாம். பொங்கல் கழிந்ததும் ஜொகூர் பாருவிலிருந்து கணக்கெழுதும் கிராணி ஒருவரும் சம்சாரமும், பிள்ளை இல்லாதவர்கள், வந்து எடுத்துக்கொள்வதாக ஏற்பாடு.

பேச்சுக்கு நடுவே பிள்ளை பசியில் அழுதது. என் சின்னவன் கைக்குழந்தை, எனக்குப் பாலுக்குக் குறைவில்லை. திரைக்குப் பின்னால் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தேன். "குடுக்கப் போற புள்ளைக்குப் படம் எதுக்குண்ணே?" என்று கேட்டேன். "எடுத்துட்டுப் போனா பொறவு வந்து பாக்கக் கூடாதுன்னு பேச்சு. மூஞ்சி மறந்துரும்ல."

கைக்கு வேலை

பிள்ளை என் இடுப்பில். சின்னானின் கை இன்னும் அலைந்துகொண்டிருந்தது. பிள்ளையை அவர் மடியில் வைத்தேன். இரண்டு கையும் இருக்கவேண்டிய இடத்துக்குத் தானாக வந்துவிட்டது. அடடா, இவ்வளவு நாள் இது தோன்றவில்லையே என்று வரிசையாக எல்லார் மடியிலும் வைத்துக்கொண்டே போனேன். சிலர் நெளிந்தார்கள். வீராயி அக்கா மட்டும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். கல்யாணமாகி எட்டு வருஷம், பிள்ளை இல்லை, வாய் கொஞ்சம் நீளம். "அந்தப் புள்ளையவா? வேற ஒண்ணும் இல்லையா?"

"இருந்தத இவன் ஒடச்சுட்டான்க்கா. கை ஆடுனா படம் ஆடிரும். ஒங்கம்மாவுக்கு மூஞ்சி தெரியாது" என்றேன். அம்மாவுக்கு முகம் தெரியவேண்டுமே என்று வாங்கிக்கொண்டார். பிள்ளை அவர் மூக்குத்தியையே பார்த்துக்கொண்டு பொம்மை மாதிரி இருந்தது. கடைசியில் முனியன் உட்கார்ந்தார். தொட்டில் ஆட்டிப் பழகிய மனுஷன், மூன்று எண்ணுவதற்குள் முழங்காலை ஆட்டிவிட்டார். படம் பதிந்த தகட்டைக் கழுவி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த என் வீட்டுக்காரர் சொன்னார்: "புள்ள அசையல. அப்பன்தான் அசஞ்சுட்டான்."

கடை வாசலில்

பொங்கலுக்குள் வந்தால் வேறு படம் பிடித்துத் தருகிறோம் என்று முனியனுக்குச் சொல்லி அனுப்பினோம். மற்றப் பத்துப் படத்திலும் ஒவ்வொரு பிரதி எடுத்து, வாசல் கண்ணாடிப் பெட்டியில் வரிசையாக மாட்டினேன். அலங்காரத்துக்கு என்று வீட்டுக்காரரிடம் சொன்னேன். தோட்டத்து ஆட்கள் சாமான் வாங்க வரும்போது நின்று பார்ப்பார்கள், பிறகு ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். பக்கத்துக் காப்பிக்கடை முதலாளியான சீனத் தவுக்கே ஒருநாள் அவர்களோடு நின்று, ஒவ்வொரு படமாக விரல் வைத்து எண்ணினார். "பத்து மடி, ஒரே புள்ளையா லா? ரொம்ப அதிர்ஷ்டம் உள்ள புள்ள."

ஊர்க் கடுதாசி

கப்பல் போய்த் திரும்ப வேண்டாமா, மார்கழியில்தான் பதில்கள் வந்தன. சின்னானின் அப்பா எழுதியிருந்தார்: 'எங்களைக் கேட்காமல் கல்யாணம் செய்தது தப்பு. போகட்டும். பிள்ளைக்கு உன் மூக்கு.' படித்துச் சொன்னதும் சின்னான் வெகுநேரம் மூக்கைத் தடவிக்கொண்டிருந்தார். வீராயி அக்காவின் அம்மா யாரையோ எழுதச் சொல்லி மூன்று பக்கம் அனுப்பியிருந்தார். உன் மடியில் பிள்ளையைப் பார்த்துவிட்டேன், பல் முளைத்ததா, தலைக்கு எண்ணெய் வைக்கிறாயா, ராத்திரியில் தூங்குகிறதா என்று.

"பூச்சாடி ஒடஞ்சதால வந்த புள்ளன்னு எழுதிரலாமாக்கா?" என்றேன். அக்காவுக்கு எழுத்து தெரியாது. ஆனாலும் கடுதாசியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நான் பேனாவும் கையுமாகக் காத்திருந்தேன். "பல்லு மொளச்சுதான்னு தெரியாம என்னான்னு எழுதச் சொல்றது? மொதல்ல போய்ப் பாத்துட்டு வரேன்."

பதில்

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அக்கா வந்தார். தன் பிள்ளை என்று எழுதச் சொல்லவில்லை, இல்லை என்றும் எழுதச் சொல்லவில்லை. விரலை மட்டும் நீட்டிக் காட்டினார். "கீழ ரெண்டு. கடிச்சுப்புட்டா."

கை வீசி வந்தவர்

பொங்கல் கழிந்து ஒருநாள் முனியன் கையை வீசிக்கொண்டு தனியாக வந்தார். படம் பிடிக்காமலே பிள்ளையைக் கொடுத்துவிட்டாரே என்று நினைத்தேன். நடந்ததை அவரே சொன்னார். கிராணியும் சம்சாரமும் வந்து பார்த்தபோது தொட்டில் காலி. ஆயாவைக் கேட்டால் வீராயி வீட்டில் என்றாள். வீராயி வீட்டில், சின்னான் தண்ணீர்க் குழாயடிக்குத் தூக்கிப் போனார் என்றார்கள். குழாயடியில் போய்ப் பார்த்தால் பிள்ளை தலை நிறைய எண்ணெயோடு சின்னான் தோளில் இருந்ததாம். சுற்றி நின்ற ஏழெட்டுப் பேரில் ஒருவரும் பிள்ளையை வாங்கிக் கிராணி கையில் கொடுக்க முன்வரவில்லை. முனியன் கிராணியைக் கும்பிட்டு மன்னிப்புக் கேட்டிருக்கிறார். அவர்களும் நல்ல மனிதர்கள்தான். அந்த அம்மா தான் பின்னிக் கொண்டுவந்த கம்பளிக் குல்லாயைப் பிள்ளை தலையில் வைத்துவிட்டுப் போனாராம்.

என் கண்ணைத் துடைத்துக்கொண்டு தொழிலுக்கு வந்தேன். "இன்னிக்கு வெளிச்சம் நல்லா இருக்குண்ணே. போய்ப் புள்ளையத் தூக்கிட்டு வாங்க, ஆடாம பிடிச்சுத் தரோம்." முனியன் சிரித்துக்கொண்டே படியிறங்கினார். "படம் எதுக்கு தங்கச்சி, ஆளே இருக்கா."

பிற்பாடு புதுப் பூச்சாடி ஒன்று வாங்கி வைத்தோம், அதை நலம் விசாரித்து ஊரிலிருந்து இதுவரை ஒரு கடுதாசிகூட வரவில்லை.