ஒண்ணாம் நம்பர் அழுக்கு

இருபத்திரண்டு. இந்த எண்ணை மறக்காதீர்கள். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் ஆட்கள் நாற்பத்திரண்டு. பாதிக்கு மேல், அதாவது இருபத்திரண்டு வாக்காவது வாங்குகிறவர்தான் தொழிலாளர் பிரதிநிதி.

மடிப்பக்கா அங்கே பதினெட்டு வருஷமாகப் போர்வை மடிக்கிறவர். யார் வந்து பேசினாலும் கை நிற்காது. ஒருமுறை மேலாளர் கழற்றி வைத்த கோட்டை நாலாக மடித்துப் பிரசவ வார்டுக்கு அனுப்பிவிட்டார். அவரைப் பிடிக்காத ஆள் கூடத்தில் கிடையாது.

இஸ்திரி அறை ஜன்னலுக்கு நிர்வாகம் ஆணி அடித்து வைத்திருந்தது. வெக்கையில் அந்த மாதம் இரண்டு பேர் மயங்கி விழுந்தார்கள்; ஒருத்தி அக்காவின் தங்கச்சி. “அந்த ஆணியைப் பிடுங்க வைக்கிறேன்” என்று அக்கா தேர்தலில் நின்றார். எதிரே இரண்டு பேர்: கொதிகலன்காரர், அப்புறம் ஊசி என்று எல்லாரும் கூப்பிடுகிற, கிழிசல் தைக்கிற பையன். மேலாளரின் காது இவன்; கூடத்தில் பேசுவதெல்லாம் இவன் வழியாக அங்கே போய்விடும்.

சங்கத்தின் சார்பில் தேர்தல் நடத்தப் போனது நான். மூன்று பேருக்கும் ஒன்று, இரண்டு, மூன்று என்று நம்பர் போடுங்கள். யாருக்கும் பாதிக்கு மேல் வராவிட்டால் கடைசி ஆளை நீக்குவோம். அவருடைய சீட்டுகள் அதில் இரண்டு போட்டிருக்கும் ஆளுக்குப் போகும் என்று விளக்கினேன். எல்லாரும் தலையாட்டினார்கள். எது நல்ல நம்பர் என்று மட்டும் சொல்லவில்லை. அதையும் சொல்லவேண்டுமா என்ன?

எண்ணினேன். ஊசி இருபத்தொன்பது. கொதிகலன்காரர் பதின்மூன்று. மடிப்பக்கா சைபர்.

“அக்கா, உங்களுக்கு நீங்களே போட்டுக்கலியா?”

“போட்டேனே, மூணு.”

“மூணா! ஏன்?”

“பின்னே? நான் என்ன ரத்தக்கறையா?”

அப்போதுதான் மண்டையில் உறைத்தது. அங்கே துணி மூட்டைகளுக்கு நம்பர் உண்டு. ரத்தம், சீழ் என்றால் ஒன்று. சாப்பாட்டுக் கறை இரண்டு. சும்மா கசங்கியது மூன்று. மொத்தக் கூடமும் வேட்பாளர்களை மூட்டை பிரிப்பதுபோலப் பிரித்திருக்கிறது.

ஊசி அதற்குள் எல்லார் கையையும் பிடித்துக் குலுக்கிக்கொண்டிருந்தான். “எண்ணியாச்சுல்ல? ஜெயிச்சது ஜெயிச்சதுதான்!”

“சரி தம்பி, நீ உனக்கு என்ன போட்டுக்கிட்ட?” என்றார் அக்கா, மடித்தபடியே.

“மூணு. நான் என்ன அழுக்கா?”

“அழுக்குதான்னு இருபத்தொம்பது பேர் எழுதியே குடுத்துட்டாங்கடா!” என்றார் கொதிகலன்காரர். கூடமே சிரித்தது.

“முடிவைக் காரணத்தோட அறிவிப்புப் பலகையில எழுதிடட்டுமா?” என்று ஊசியிடம் கேட்டேன்.

மறுவாக்கெடுப்பு வேண்டுமென்று ஊசியே மனு எழுதினான்.

இந்த முறை பெரிய எழுத்தில் எழுதி ஒட்டினேன்: ஒன்று என்றால் வேண்டும், மூன்று என்றால் வேண்டாம். அக்கா இருபது, கொதிகலன்காரர் பதின்மூன்று, ஊசி ஒன்பது. இருபது போதாது. தங்கச்சி என் மேஜை விளிம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஊசியை நீக்கி, அவன் சீட்டுகளைப் பிரித்தேன். நாலு கொதிகலன்காரருக்குப் போனது. மீதி அக்காவுக்கு.

இருபத்தைந்து.