துரையை அடித்த வழக்கின் நகல்

எங்கள் குடும்பத்தில் ஒரே ஒரு வீரர்தான் இருந்தார். அவரும் நான் பிறப்பதற்கு முன்பே செத்துப்போனார். மலாயாவில், ஈப்போவுக்கு வெளியே ஒரு ரப்பர் தோட்டத்தில் வெள்ளைக்காரத் துரையைச் செருப்பால் அடித்துவிட்டு ஜெயிலுக்குப் போனவர் என் தாத்தா. அப்படிச் சொன்னவர் பெரியப்பா. கல்யாண வீடோ கருமாதி வீடோ, சொல்லாமல் சாப்பிட உட்கார மாட்டார். தாத்தாவிடம் செருப்பு இருந்ததா என்று யாரும் கேட்டதில்லை.

எண்பதுகளின் தொடக்கத்தில் எனக்கு ஜெலாப்பாங்கில் தொழிற்சாலை வேலை. அந்த ரப்பர் தோட்டத்தை விற்று மரங்களைச் சாய்த்துக்கொண்டிருந்தார்கள். இனி மிச்சம் கோர்ட்டுக் காகிதம்தான் என்று தோன்ற, குடும்ப வரலாறு எழுதக் கிளம்பினேன்.

கோர்ட்டு ஆபீஸ் கவுண்டரில் இருந்த கிராணி, அதாவது குமாஸ்தா, தமிழர்.

"எந்த வருஷத்து கேஸு?"

"ஜப்பான்காரன் வர்றதுக்கு முன்னாலண்ணே."

அவர் பேனாவை மூடினார். "எல்லாரும் நெலத்துப் பத்திரம் தேடி வர்றாங்க. நீ தாத்தா ஜெயிலுக்குப் போனதத் தேடி வர்ற."

"ஒரு பெருமைக்குத்தாண்ணே."

"எசோக் வா லா."

எசோக் என்றால் மலாயில் நாளை; லா என்பது எங்கள் ஊர்ப் பேச்சின் வால். அந்த அலுவலகத்தின் நாளை மழைக்காலம்வரை நீண்டது. பழைய கட்டுகள் கிடங்கில் இருந்தன. கிடங்குச் சாவிக்காரர் லீவில் இருந்தார். லீவு முடிந்ததும் அவருக்கு மாற்றலாகிவிட்டது. தாத்தாவின் பெயரை அந்தக் காலத்துக் குமாஸ்தா ஆங்கிலத்தில் எப்படிக் கொலை செய்திருப்பான் என்று கிராணியும் நானும் எழுதி எழுதிப் பார்த்தோம். இருப்பதிலேயே கேவலமான எழுத்துக்கூட்டல்தான் சரியாக இருந்தது.

நகல் கைக்கு வந்தது. தாத்தா யாரையும் அடித்திருக்கவில்லை. தோட்டத் தொழிலாளர்களின் லயத்து வீடுகளுக்குப் பின்னால் சம்சு என்னும் கள்ளச் சாராயம் காய்ச்சி மாட்டியிருக்கிறார். துரையும் கோர்ட்டுக்கு வந்திருக்கிறார், தாத்தாவுக்காகச் சாட்சி சொல்ல! 'இவன் பால்மரம் சீவினால் பட்டையில் காயம் படாது. இவனை உள்ளே தள்ளினால் நஷ்டம் என் தோட்டத்துக்குத்தான்' என்றிருக்கிறார். வெறும் அபராதம். எங்கள் வீரர் ஜெயில் வாசலைக்கூட மிதிக்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமையே பெரியப்பா வீட்டுக்குப் போனேன். போகும் வழியெல்லாம் எனக்கு ஒரு குரூரமான சந்தோஷம். வரிவரியாகத் தமிழில் சொன்னேன்.

"இது வேற ஆளு" என்றார்.

"அதே பேரு, அதே தோட்டமா பெரியப்பா?"

அடுப்படியில் பெரியம்மா சிரித்தார். பெரியப்பா சிரிக்கவில்லை.

"தொர சொன்னத மட்டும் திரும்பப் படி."

படித்தேன்.

"மெதுவாப் படி."

மெதுவாகப் படித்தேன். அவர் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"நெசந்தான். எங்கப்பா சீவுனா பட்டையில காயமே இருக்காது. பால் வாளியத் தூக்கிக்கிட்டு நான் பின்னாலயே போயிருக்கேன்."

அத்தனை வருஷத்தில், தாத்தாவைப் பற்றித் தான் கண்ணால் கண்ட ஒன்றை அவர் சொன்னது அன்றுதான்.

அவர் நகலை வாங்கி, நாலாக மடித்து, சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"பெரியப்பா, அது என் காப்பி. அதுக்கு எவ்வளவு அலைஞ்சேன் தெரியுமா?"

"ஒனக்கு அவரு தாத்தா" என்றார். "எனக்கு அப்பா லா."