பதினேழாம் இலக்கத் தட்டு

நீல விளக்கின் கீழே நண்டுச் சதை மங்கலாகவே தெரியும். அதனுள் ஓட்டுத் துண்டு கிடந்தால் அது மட்டும் வெள்ளையாக மின்னும். அன்று பிற்பகல் ஒன்றே முக்காலுக்குப் பதினேழாம் இலக்கத் தட்டின் அடியில் நகக்கண் அளவான துண்டொன்று மின்னியது.

அது ஆரபியின் தட்டு. அந்த மாதத்தில் அதில் அகப்பட்ட மூன்றாவது துண்டு. மூன்று அகப்பட்டால் மறுநாளிலிருந்து வேலையில்லை என்பது வல்வெட்டித்துறைக்கு அருகிலிருந்த அந்த நண்டு ஆலையின் விதி.

“விளக்கம் வருமட்டும் ஒருத்தரும் வெளியிலை போகேலாது,” என்று மேற்பார்வையாளர் கொலின்ஸ் கதவைச் சாத்தினார்.

இரண்டு மணிக்கு ஆரபியின் மாமி அவளுடைய பால்குடிப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆலை வாசலுக்கு வந்துவிடுவார்.

ஆரபிக்கு வயது இருபத்தாறு. கடற்றொழிலாளியின் மகள், கடற்றொழிலாளி ஜெயதீபனின் மனைவி. நண்டுடைக்கும் கைப்பழக்கம் தாய்வீட்டிலேயே வாய்த்தது. பிள்ளைக்கு நான்கு மாதமானபோது வேலைக்குத் திரும்பினாள். புட்டிப்பாலை அவன் நாக்கால் தள்ளிவிட்டான். பாலூட்டச் சட்டம் நாளில் இருமுறை இடைவேளை தந்தது, ஆலையும் மறுக்கவில்லை. மேலங்கியும் தலையுறையும் களைந்து, பாலூட்டி, மறுபடி கைகால் கழுவி உடுத்து வர ஒவ்வொரு முறையும் ஒரு மணித்தியாலம் கழிந்தது. ஆனால், ஒருத்தி நாளுக்கு நான்கு கிலோச் சதை எடுக்கவேண்டும் என்ற அளவில் ஆலை ஒரு கிராமும் குறைக்கவில்லை.

ஆகவே, மேசைப் பெண்கள் தமக்குள் ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்கள். ஆரபி வெளியே போனதும் பக்கத்திலிருக்கும் செபஸ்தியம்மாவும் மற்றவர்களும் தாம் உடைத்ததில் ஒரு பங்கை அவளுடைய தட்டில் இடுவார்கள். எந்தக் கை உடைத்தது என்பதை அறியவே தட்டுக்கு இலக்கமிடப்பட்டது என்பதை எவரும் எண்ணிப் பார்க்கவில்லை.

தட்டின் அடியிலிருப்பது, காலையில் பாலூட்டப் போயிருந்த வேளையில் மற்றவர்கள் இட்ட சதை என்பது ஆரபிக்குத் தெரியும். செபஸ்தியம்மாவின் இடக்கண்ணில் புரை விழுந்திருப்பதும் தெரியும். உண்மையைச் சொன்னால் கண் விஷயமும் வெளிப்பட்டு அவருடைய பதினொரு வருட வேலை போகும். சொல்லாவிட்டால் தன்னுடையது போகும்.

மதிலுக்கு அப்பால் பிள்ளையின் அழுகை கேட்டது. கேட்ட மாத்திரத்தில் பால் சுரந்து மேலங்கியை நனைத்தது.

“இது உம்மடை கை உடைச்சதுதானே?” என்று கேட்டார் கொலின்ஸ்.

“ஓம், சேர்...”

“உவள் பொய் சொல்லுறாள், தம்பி,” என்றார் செபஸ்தியம்மா. “அது என்ரை கையாலை விழுந்தது. இடக்கண் இப்ப வடிவாத் தெரியிறேல்லை.”

“உங்கடை தட்டு பதினெட்டெல்லோ?”

“ஓம். உவள் பால் குடுக்கப் போனா உவளின்ரை தட்டிலையும் போடுறனான். நான் மட்டுமில்லை, இந்த மேசை முழுக்க.”

கொலின்ஸின் முகம் சிவந்தது. “அப்ப நம்பர் என்னத்துக்கு? திண்டவனுக்குத் தொண்டையிலை சிக்கினா ஆரைப் பிடிக்கிறது? உந்தப் பால் குடுக்கிற போக்குவரத்தை நிப்பாட்டினாச் சரி.”

“உம்மையும் ஒருத்தி பால் குடுத்துத்தான் வளர்த்தவ. பால்மாப் பேணிக்குள்ளையிருந்து குதிச்சு வரேல்லை!”

மேசையில் அடக்கிய சிரிப்பு எழுந்தது. ஆரபி சிரிக்கவில்லை.

“நிப்பாட்டேலாது, சேர். அது சட்டம். நான் வெளியிலை நிக்கிற நேரத்துக்கும் சேர்த்து நாலு கிலோ கேட்டா, வேறை ஆற்றையோ கைதான் என்ரை தட்டிலை இருக்கும். அந்த ரண்டு மணித்தியாலத்தைக் கழிச்சுப்போட்டு அளவைச் சொல்லுங்கோ. பிறகும் ஓடு கிடந்தா, நானே போறன்.”

வெளியே அழுகை கம்மிப்போய்க்கொண்டிருந்தது. கொலின்ஸ் அவளுடைய நனைந்த மேலங்கியைக் கண்டு சட்டென்று பார்வையைத் தாழ்த்தினார். பிறகு சுவர்ப்பலகையில் பதினேழுக்கு நேரே இருந்த நான்கை அழித்து மூன்றென்று எழுதினார்.

“ஒரு மாதம் பாப்பம். அதுக்கு மேலை நான் சொல்லேலாது. செபஸ்தியம்மா, டொக்குத்தரிட்டைக் கண்ணைக் காட்டிப்போட்டு வருமட்டும் நீங்கள் நண்டு கழுவுற பக்கம்.”

“காட்டுறன், காட்டுறன். ஆரபி, நீ ஓடு பிள்ளை!”

ஆரபி தன் தட்டைக் கழுவி, எவரும் சதை இடாதபடி மேசையில் கவிழ்த்துவைத்துவிட்டு ஓடினாள்.

வாசலில் பிள்ளையின் குரல் அடைத்திருந்தது. அவளுடைய விரல்களில் இருந்த குளோரின் நெடிக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டான். கோபத்தில் கால்களை உதைத்தான். “இன்னும் ஒருக்கா வை, பிள்ளை,” என்றார் மாமி. மூன்றாம் முறை மார்பில் வைத்தபோதுதான் பற்றிக்கொண்டான்.