கிளச் என் காலில், கியர் அவன் கையில்

நான் குடியிருக்கும் கனடா அடுக்குமாடியின் கீழே, பனிக்காலக் காலைகளில் ஆளில்லாத கார்கள் தாமாகவே உறுமத் தொடங்கும். உரிமையாளர் பத்தாவது மாடியில் பல் துலக்கிக்கொண்டே ஒரு பொத்தானை அழுத்துவார். அவர் இறங்கி வருவதற்குள் கார் சூடேறி நிற்கும். வந்த புதிதில் யாரோ காரைத் திருடுகிறார்கள் என்று காவலாளியிடம் ஓடியிருக்கிறேன். அவர் சிரிக்கக்கூட இல்லை. ‘உனக்கும் ஒன்று வாங்கிக்கொள்’ என்று சொல்லிவிட்டுத் தேநீரைக் குடித்தார். பிறகு நானும் அப்படி ஒரு கார் வாங்கினேன். ஏறி உட்கார்ந்து ‘டி’ என்ற எழுத்துக்கு நகர்த்திவிட்டால் மேடோ பள்ளமோ எல்லாம் அதன் பாடு. இடதுகாலுக்கு ஒரு வேலையும் இல்லை.

நான் பிறந்த இலங்கை மலையகத்துப் பொகவந்தலாவையில் வண்டி என்றாலே கியர்தான். நானும் என் தம்பி சிவாவும் பள்ளிக்கூடம் விட்டு வரும் பஸ்ஸில் டிரைவருக்குப் பின்னால் இடம்பிடித்துக் கண்ணை மூடிக்கொள்வோம். எஞ்சின் அழுகிற விதத்தை வைத்தே இது கோயில் வளைவு, இது பாலத்து ஏற்றம் என்று சொல்ல வேண்டும். சிவா ஒருநாளும் தோற்றதில்லை. வளர்ந்த பிறகு நான் ஹட்டனுக்குப் போய்க் கார் பழகினேன். “பொம்பளப் புள்ள கார் ஓட்டி எந்தத் தொரைய ஏத்திட்டுப் போகப் போறா?” என்று லயத்தில், தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், கேட்டார்கள். லைசன்ஸ் கைக்கு வந்த கொஞ்ச நாளில் கல்யாணம், அடுத்தது விமானம். பழகிய வித்தையை ஊர்ச் சாலையில் ஒருநாள்கூடச் செய்து பார்க்கவில்லை. சிவாதான் பிறகு பழைய கார் ஒன்றை வாங்கி வாடகைக்கு ஓட்டினான்.

போன வருடம் லீவில் ஊருக்குப் போயிருந்தேன். ஒரு காலை லயத்துக் குழாயில் தண்ணீர் நின்றுவிட்டது. மேலே ஓடையில் பைப்பின் வாயை இலை அடைத்திருக்கும், எடுத்துவிட்டு வருகிறேன் என்று சிவா ஏறினான். நான் அவன் மனைவி கோமதியோடு ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தேன். மலையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. என் தம்பியின் குரலை எனக்குத் தெரியும். அது அவன் குரலே இல்லை. சட்டையைத் தலையில் போர்த்திக்கொண்டு தேயிலைக்குள் விழுந்து புரண்டு வந்தவன், வாசலில் வந்து நின்றபோது யார் என்று எனக்கு அடையாளம் தெரியவில்லை. முகம் அவ்வளவு வீங்கியிருந்தது. தலைமுடிக்குள் இன்னும் குளவிகள் ஊர்ந்தன. கோமதி வெறுங்கையால் அவற்றை நசுக்கி எடுத்தாள்.

ஆம்புலன்ஸுக்குச் சொன்னோம். வருகிறோம் என்றார்கள். ஆனால் டவுனிலிருந்து அந்தத் தோட்டத்துப் பாதையில் ஏறி வந்து, திரும்பி இறங்கும்வரை இவன் தாங்குவானா? மூச்சு விசில்போல இழுத்துக்கொண்டிருந்தது. அவன் காரைத் தவிரப் பக்கத்தில் வேறு வண்டியும் இல்லை, ஓட்டத் தெரிந்த ஆளும் இல்லை.

“அண்ணி, நீங்க ஓட்டுங்க,” என்றாள் கோமதி.

“நான் கியர் வண்டி தொட்டு எத்தனையோ வருசமாச்சு, கோமதி.”

“உங்களுக்கு லைசன்ஸ் இருக்குல்ல? இவரு செத்துருவாருங்க!”

அவனை முன்சீட்டில் இடப்பக்கம் ஏற்றினோம். கோமதி பின்னால் ஏறிக்கொண்டாள். நான் வலப்பக்கம் உட்கார்ந்தேன். கண்ணாடி, கதவு, ஸ்டியரிங் எல்லாமே எனக்கு எதிர்ப்பக்கத்தில் இருந்தன. சாவியைத் திருப்பி, பிரேக் என்று நினைத்துக் கிளச்சை மிதித்தேன். கார் சறுக்கிக்கொண்டு இறங்கியது. பாதையோர வடிகானுக்கு ஒரு சாண் முன்னால் ஹேண்ட்பிரேக்கை யாரோ இழுத்தார்கள். சிவா! அவன் கண்கள் இரண்டும் ஏற்கெனவே மூடியிருந்தன. இமையா கன்னமா என்று பிரித்துச் சொல்ல முடியாத வீக்கம். அந்தக் கை அப்படியே கியரைத் தேடிப் பிடித்தது.

“அக்கா, நீ ரோட்ட மட்டும் பாரு. கியர நான் போடுறேன். மிதின்னா மிதி, விடுன்னா மெதுவா விடு.”

அப்படித்தான் இறங்கினோம். பாதையைப் பார்த்தது நான். எஞ்சினைக் கேட்டது அவன். பயத்தில் நான் பிரேக்கையே அழுத்திக்கொண்டிருந்தேன். ரப்பர் கருகும் வாடை வந்தது.

“பிரேக்குல இருந்து கால எடு.”

“எடுத்தா பள்ளத்துல போயிரும்டா!”

“போகாது. மிதி கிளச்ச. ம்… செகண்ட் விழுந்துருச்சு. மெல்ல விடு. இப்ப எஞ்சினே புடிச்சுக்கும்.”

விட்டேன். யாரோ பின்னாலிருந்து இழுத்துப் பிடித்ததுபோலக் கார் அடங்கியது. அடுத்த வளைவில் அவன் கேட்கும் முன்பே நான் மிதித்தேன். நான் சொல்லும் முன்பே அவன் மாற்றினான். கியர் ஒரு சின்னக் கடகடப்பும் இல்லாமல் விழுந்தது. இத்தனை அழகாக நான் ஒருநாளும் கார் ஓட்டியதில்லை என்ற எண்ணம் வந்து, அந்த நேரத்தில் அப்படித் தோன்றியதற்கு என்னையே திட்டிக்கொண்டேன்.

அடிவாரத்தில் ஓடைப் பாலம். அதைத் தாண்டியதும் செங்குத்தான ஏற்றம். பாதி ஏறியதும் எஞ்சின் திணறியது.

“தம்பி, பஸ்டு கியரு!” கிளச்சை மிதித்தேன்.

கியர் விழவில்லை. கை கியரின்மேல்தான் இருந்தது. ஆனால் அதில் ஆள் இல்லை. தலை கண்ணாடிப் பக்கம் சாய்ந்திருந்தது. கார் பின்னோக்கி உருளத் தொடங்கியது. பின்னால் பாலம், அதன் கீழே பாறை. கோமதி கத்தினாள். நான் அவன் கைக்கு மேலேயே என் கையை வைத்தேன். சூடாக, மாவுபோல இருந்தது. அவன் கையும் என் கையுமாகச் சேர்த்து முன்னுக்குத் தள்ளினேன். விழுந்தது. கிளச்சைக் கொஞ்சமாக விட்டேன், கார் நடுங்கி நின்றது, பிறகு ஏறியது. ஆஸ்பத்திரி வாசல்வரை என் கையை நான் எடுக்கவே இல்லை.

அவனைத் தள்ளுவண்டியில் உள்ளே கொண்டுபோன பிறகு நர்ஸ் ஒருவர் வந்து, “கவுத எலவ்வே?” என்று கேட்டார். யார் ஓட்டியது என்று கேட்கிறார். கடைத்தெருவில் நான் சரளமாகப் பேசிய சிங்களத்தில் ஒரு சொல்கூட வாயில் வரவில்லை. “மீ,” என்று இங்கிலீஷில் சொன்னேன். நான் வெளிநாட்டுக்காரி என்று எண்ணிக்கொண்டு அவர் இங்கிலீஷில், பயப்பட வேண்டாம், இது நல்ல ஊர், நல்ல டாக்டர் என்று ஒவ்வொரு சொல்லாக எனக்கு விளக்கினார். என் சொந்த ஊரில் நின்றுகொண்டு தலையாட்டினேன்.

சிவா பிழைத்தான். மறுநாள் ஒரு கண் திறந்தது.

“எப்படிக்கா வந்தோம்?”

“நீதான்டா கியர் போட்ட.”

“நானா? பைப்புகிட்ட கைய வச்சதுதான் ஞாபகம் இருக்கு. கார்ல ஏறுனதே தெரியாதே.”

நான் வார்டுக்கு வெளியே போய்ச் சுவரில் சாய்ந்துகொண்டேன். அப்படியானால் வழி நெடுக என்னோடு பேசிக்கொண்டு வந்தது யார்?

கனடா திரும்பி நான் வேலை செய்யும் பேக்கரியில் இதைச் சொன்னேன். மேற்பார்வையாளர் பதறிப்போய், “அவரிடம் பென் இருக்கவில்லையா?” என்று கேட்டார். குளவி கொட்டியவனுக்குப் பேனா எதற்கு, யாருக்கு என்ன எழுத என்று நான் கேட்டேன். இருவரும் ஒருவரையொருவர் வெறித்துப் பார்த்தோம். பிறகுதான் விளங்கியது: தொடையில் குத்திக்கொள்ளும் ஊசியாம். கொட்டினால் ஒவ்வாத குழந்தைகள் இங்கே அதைப் பள்ளிக்கூடப் பையிலேயே வைத்திருக்கிறார்களாம். குளவிக்கூட்டின் அடியில் நின்று கொழுந்து பறிக்கிற எங்கள் பெண்களின் கூடைகளில் அப்படி ஒன்றை நான் கண்டதே இல்லை.

என்னோடு மாவு பிசையும் மரியா போர்த்துக்கல் நாட்டுக்காரி. அவளிடம் பழைய கியர் கார் இருக்கிறது. கதையைக் கேட்டவள் ஒரு மத்தியானம் சாவியைக் கொடுத்து, ஓட்டிக் காட்டு என்றாள். இங்கே ஸ்டியரிங் இடப்பக்கம். உட்கார்ந்ததும் இடதுகால் தானாகக் கிளச்சை மிதித்தது. அதற்கு எல்லாம் ஞாபகம் இருந்தது. கியரைத் தேடி இடதுகை போனது. அங்கே கதவுதான் இருந்தது, குளிர்ந்து. கியரோ வலதுகைப் பக்கம். அந்தக் கைக்கு செகண்ட் எங்கே விழும் என்று தெரியவில்லை.

“தம்பி, பஸ்டு,” என்று வாய் சொல்லிவிட்டது.

மரியா என் முகத்தைப் பார்த்தாள். காலை எடுக்காமல், கதவின்மேல் வைத்த கையை எடுக்காமல், நான் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.