மஞ்சள் விளக்கில் நிறுத்திய மார்லிஸ்

என் தங்கை மார்லிஸ் ஹவ்ரானெக் ஜெயித்தவற்றை முதலில் எழுதிவிடுகிறேன். மூன்றாவது முயற்சியில் ஒரு குழந்தைப் பராமரிப்புச் சான்றிதழ். இரண்டாவது வெளிவாசல் இல்லை என்று மறுத்த தீயணைப்பு ஆய்வாளரின் சம்மதம். அவரையே படுக்கையறை ஜன்னல் வழியாக வெளியே குதிக்கவைத்து வாங்கினாள். பதினோரு குளிர்காலங்களில் ஒரு வேலைநாள்கூட மூடாத ஒரு காப்பகம். கடைசியாக, நெப்ராஸ்கா மாநிலத்தின் ஒரு சட்டம். அந்தச் சட்டத்தை அவள் ஒருத்தியே ஜெயித்தாள் என்று சொல்லக் கூடாது. நான் அண்ணன், சொல்வேன்.

எங்கள் ஊர் வெல்னாவில் 612 பேர். அப்பா விட்டுப்போன வீடு என் பெயரில் இருக்கிறது. மாடியில் நான், கீழே மார்லிஸும் ஆறு குழந்தைகளும். காசு வாங்கிக் குழந்தை பார்த்தால் அது கடை, குடியிருப்புத் தெருவில் கடை வைக்க விசேஷ அனுமதி வேண்டும், வீட்டுக்காரர் கையெழுத்துப் போட வேண்டும் என்பது நகராட்சியின் கணக்கு. பதினோரு வருடம் நான் போட்டேன். பன்னிரண்டாம் வருடம், காலை ஏழு மணிக்குத் தெரு முழுக்கக் கார் நிற்கிறது என்று நகராட்சி உறுப்பினர் க்ளெட்டஸ் ஓபர்க் கிளப்பிவிட்டார். நான் ஒரு வாரம் ஜன்னலில் நின்று எண்ணினேன். அதிகபட்சம் மூன்று கார். மூன்றாவது என்னுடையது. ஆனாலும் மூன்றுக்கு இரண்டு ஓட்டில் தோற்றோம். ஆகஸ்ட் 31 வரைதான் அனுமதி. அடுத்த காப்பகம் நாற்பத்திரண்டு மைல் தள்ளி.

அந்தச் சமயம்தான் சட்டசபையில் ஒரு மசோதா வந்தது. வீட்டில் குழந்தை பார்த்தாலும் வீடு வீடுதான், எந்த ஊரும் அதைக் கடை என்று தடுக்கக் கூடாது. எங்கள் மாநிலத்தில் ஒவ்வொரு மசோதாவுக்கும் விசாரணை உண்டு. யார் வேண்டுமானாலும் போய் மூன்று நிமிடம் பேசலாம். எங்களுக்குப் பிப்ரவரி 12, செவ்வாய், மதியம் ஒன்றரை.

அன்று காலை 6.10க்கு, குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள வர வேண்டிய அத்தை மகள் லொரெய்ன் போன் செய்தாள்.

"அண்ணே, லொரெய்னுக்கு வாந்தியாம். நான் போகல" என்றாள் மார்லிஸ்.

"போற. பிள்ளைங்களும் வரட்டும்."

"ஆறு பேருமா? சட்டசபைக்கா? ராத்திரியெல்லாம் வாசல்ல பனி அள்ளி மூளை உறைஞ்சு போச்சா உனக்கு?"

"சட்டமே அவங்களப் பத்தித்தான? வந்து பாக்கட்டும்."

ஆறு வீட்டிலும் எழுத்தில் சம்மதம் வாங்கினேன். தேவாலயத்து வேனில் ஆறு குழந்தை இருக்கைகளை மாட்டி, ஒவ்வொரு பட்டையையும் இரண்டு தடவை இழுத்துப் பார்த்தேன். கொலாச் ரொட்டி இருபத்துநான்கு எடுத்துப்போனோம். தலைநகர் லிங்கனில் இறங்கும்போது ஒன்றுகூட இல்லை. வேன் முழுக்கப் பிளம் ஜாம். நடைபாதையில் பிடித்து நடக்கிற கயிற்றை மார்லிஸ் நீட்டினாள். ஆளுக்கொரு வளையம். சட்டசபையின் பளிங்குத் தரையில் ஆறு பேரும் வரிசையாக நடந்தார்கள்.

"என்னம்மா இது, ரயிலா?" என்றார் காவலர்.

"ஆமா சார். வழி விடுங்க, ஏற்கெனவே லேட்டு."

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். மார்லிஸின் கூடத்தில் நான் மாட்டிக்கொடுத்த மூன்று நிற விளக்கு இருக்கிறது. பச்சை என்றால் விளையாடலாம். மஞ்சள் என்றால் எடுத்துவைக்க வேண்டும். சிவப்பு என்றால் அசையக் கூடாது. அசைந்தவரை எல்லோரும் விரல் நீட்டிக் காட்டுவார்கள். ஆனால் திட்டு கிடையாது. நிறுத்த முடியாதவருக்குத் துணி முயல் கொடுக்கப்படும், மனசு அடங்கும்வரை மடியில் வைத்துக்கொள்ளலாம்.

விசாரணை அறையில், பேசுகிறவர் மேஜைமேல், அதே மூன்று விளக்கு.

"மிஸ் மார்லி! இவங்களுக்கும் இருக்கு!" என்று நான்கு வயது டில்லி கத்தினாள்.

எதிர்த்துப் பேச வந்தவர் க்ளெட்டஸ். பச்சையில் ஆரம்பித்தார், மஞ்சளில் வேகம் பிடித்தார். சிவப்பு வந்தது. "கடைசியா ஒண்ணே ஒண்ணு..." என்றார்.

ஆறு விரல்கள் நீண்டன. "சிவப்பூ!"

யாரும் தடுப்பதற்குள் டில்லி ஓடிப்போய் மேஜைக்கடியில் நுழைந்து, வீட்டிலிருந்து கையோடு கொண்டுவந்திருந்த துணி முயலை அவர் மடியில் வைத்துவிட்டாள். க்ளெட்டஸ் திருதிருவென விழித்தார். குழுவின் தலைவி செனட்டர் கோல்ஸ்டன் உதட்டைக் கடித்துக்கொண்டு, "வச்சுக்குங்க சார். எங்க விதியவிட அவங்க விதி நல்லாருக்கு" என்றார். க்ளெட்டஸ் நல்ல மனுஷன்தான், தூக்கி எறியவில்லை. முயலோடு போய் முன்வரிசையில் உட்கார்ந்தார்.

அடுத்தது மார்லிஸ். மூன்று பக்கப் பேச்சு. கடிகாரம் வைத்துப் பதினான்கு தடவை படிக்கவைத்திருந்தேன்: இரண்டு நிமிடம் ஐம்பத்திரண்டு வினாடி. ஆகஸ்ட் 31, நாற்பத்திரண்டு மைல், வேலையை விடப்போகும் தாய்மார்கள் எல்லாம் மூன்றாவது பக்கத்தில். இரண்டாவது பக்கம் முடியவும் மஞ்சள் வந்தது. மார்லிஸ் வாயை மூடினாள். தாள்களைத் தட்டி அடுக்கினாள், மடித்தாள், எழுந்து நாற்காலியை உள்ளே தள்ளினாள்.

"இன்னும் ஒரு நிமிஷம் இருக்கேம்மா" என்றார் தலைவி.

"மஞ்சள் வந்துடுச்சுங்களே."

"அது சும்மா எச்சரிக்கைதான்."

"எங்க வீட்ல எடுத்துவைக்கணுங்க. நானே வைக்கலேன்னா நாளைக்கு இதுங்க என்னை மதிக்குமா?"

அறையே சிரித்தது. அதுவரை நிமிராமல் காகிதம் பார்த்துக்கொண்டிருந்த, கோதுமை விவசாயியான ஒரு செனட்டர் மைக்கை இழுத்தார். "அப்ப நான் ஒரு கேள்வி கேக்குறேன். கேள்விக்குப் பதில் சொல்ல விளக்கே கிடையாது. அந்த மூணாவது பக்கத்துல என்னம்மா இருக்கு?"

மார்லிஸ் தாளைப் பிரிக்கவில்லை. பதினொரு நிமிடம் பேசினாள், என் கடிகாரத்தில். தேதி சொன்னாள், மைல் சொன்னாள். பிறகு திரும்பி, "டில்லியோட அம்மா டேனா எங்க ஊரு முதியோர் இல்லத்துல வேல பாக்குறா. செப்டம்பர்ல பிள்ளைய எங்க விடுவா? வேலையத்தான் விடுவா. அப்புறம் அங்க இருக்கிற உங்க அம்மாவ யாரு குளிப்பாட்டுவா? நீயே சொல்லு, க்ளெட்டஸ்" என்றாள்.

க்ளெட்டஸ் முயலின் காதைத் தடவியபடி, "அம்மாவுக்கு டேனாவ விட்டா யாரும் ஆகாது" என்றார்.

மைக் இல்லாத இடம்தான். ஆனால் எட்டு செனட்டர்கள் காதிலும் விழுந்தது. எட்டுப் பேரும் ஆதரித்து மசோதாவை அனுப்பினார்கள். வசந்தத்தில் அது சபையில் நிறைவேறியது. செப்டம்பர் முதல் தேதி அமலுக்கு வந்தது. அன்று ஞாயிறு, மறுநாள் தொழிலாளர் தின விடுமுறை. செவ்வாய்க்கிழமை நானும் மார்லிஸும் நகராட்சி அலுவலகம் போனோம். விசேஷ அனுமதி என்ற தாளே இப்போது இல்லை. குழந்தை பார்ப்பவர் ஒரு பக்கத் தகவல் கொடுத்தால் போதும். நான் வழக்கம்போல் பேனாவைத் திறந்தேன்.

"நீங்க இல்லீங்க, அவங்க" என்றாள் எழுத்தர்.

மார்லிஸ் என் பேனாவைப் பிடுங்கி, ஹவ்ரானெக் என்பதைத் தாளின் ஓரம்வரை இழுத்துப் போட்டாள். தேதி எழுத இடமே மிச்சமில்லை. அதனால் இங்கே எழுதிவைக்கிறேன்: 2019 செப்டம்பர் 3, செவ்வாய், காலை 9.14.